கண்டி ஏரியும் மகாவலியும்: நகர நீர்நிலைகளில் படகு ஒழுங்கும் உயிர்ப் பாதுகாப்பும்

கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கென வகுக்கப்பட்ட விதிகள், கடலோடு எவ்விதத் தொடர்பும் அற்ற நீர்நிலைகளில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்னும் வினா, கொழும்பிலோ திருகோணமலையிலோ எழுவதைவிட, மலைகள் சூழ்ந்த கண்டியில்தான் கூர்மையாக எழுகிறது. நகரின் நடுவே ஓர் ஏரி, அந்த ஏரியின் மிகைநீரைக் கெட்டம்பேயில் மகாவலியிடம் சேர்க்கும் மெத எல என்ற கால்வாய், நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துச் செல்லும் மகாவலி கங்கை, அந்த ஆற்றைப் பொல்கொல்லவில் மறித்து நிற்கும் அணை, அதற்குக் கீழே தெல்தெனியப் பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கும் விக்டோரியா நீர்த்தேக்கம் என, ஒரே நகரின் சுற்றுவட்டத்தில் ஐந்து வகையான நீர் இருக்கிறது. ஒவ்வொன்றின் ஆழமும் ஓட்டமும் வேறு, பொறுப்பாளரும் வேறு. படகுப் பாதுகாப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் உயிர்காப்பு அங்கியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுவதால், அந்த அங்கியை அணியச் சொல்லும் அதிகாரம் எந்த நீரில் எவருக்கு உண்டு என்ற அடிப்படைக் கேள்வி எழுப்பப்படாமலே போகிறது. இவ்வுரை அந்தக் கேள்வியையே முன்வைத்துச் செல்கிறது.

கண்டி ஏரி இயற்கையாய் அமைந்தது அன்று. கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னனான நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தலதா மாளிகைக்கு முன்னால் இருந்த வயல்வெளியை அணைகட்டி மறித்து, தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியின் திட்டப்படி 1807ஆம் ஆண்டில் தொடங்கி ஐந்தாண்டுகளில் உருவாக்கிய செயற்கை நீர்நிலை அது. பாற்கடல் என்ற பொருளில் ‘கிரி முகுத’ என்று வழங்கப்பட்ட அந்த ஏரி, அரண்மனையின் அழகுக்கும் அரசனின் பெருமிதத்துக்கும் வெட்டப்பட்டதேயன்றி, பாசனத்துக்கோ போக்குவரத்துக்கோ வெட்டப்பட்டதன்று. அதற்காகக் குடிமக்களிடம் பெறப்பட்ட கட்டாய உழைப்பு, 1815இல் அரசனைக் கைவிட்டவர்களின் மனக்குறைகளுள் ஒன்றாகவும் இருந்தது. வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்த அந்த மன்னன் விட்டுச்சென்ற ஏரியின் நடுத்தீவை ஆங்கிலேயர் வெடிமருந்துக் கிடங்காகப் பயன்படுத்தினர். ஏறத்தாழ 3.2 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அந்நீர்நிலையில் இன்று மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட புனித நகரின் முகப்பாகவும் அது விளங்குகிறது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏரியை வலம்வரும் மோட்டார் படகுகள், இந்த வரலாற்றின் மீது மிக அண்மையில் வந்து சேர்ந்தவை.

மகாவலியின் கதை இதற்கு நேர்மாறானது. ஆறு கண்டிக்கு அரணாக இருந்தது. அதைக் கடப்பதற்கான துறைகள் காவலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. பாலம் என்பது பகைவனுக்குத் திறந்துவைக்கும் வாசலாகவே கருதப்பட்டது. 1803ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கண்டியைக் கைப்பற்றி அங்கே தங்கியிருந்த ஆங்கிலப் படை மேஜர் டேவியின் தலைமையில் சரணடைந்து வெளியேறியபோது, தாங்கள் அரியணையில் ஏற்ற முயன்ற இளவரசர் முத்துசாமியையும் அழைத்துக்கொண்டு வட்டபுலுவவில் ஆற்றங்கரையை அடைந்தது. மழையால் பெருகியிருந்த மகாவலியைக் கடக்கப் படகு இல்லை. மூங்கிலாலும் மரத்தாலும் தெப்பம் கட்டும் முயற்சி ஓட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. கரையில் சிக்கிய படை முத்துசாமியைக் கையளித்தது. பின்னர் தானும் அழிந்தது. போர் வரலாற்று நூல்கள் இதைத் துரோகமென்றும் தந்திரமென்றும் விவாதிக்கின்றன. படகியலின் கண்கொண்டு பார்த்தால், மலையில் பெய்யும் மழைக்கு மகாவலி எவ்வளவு விரைவாக மாறும் என்பதை அறியாதவர்கள் அதன் கரையில் நின்றதே அங்கே முதன்மையான செய்தி. முப்பது ஆண்டுகள் கழித்து, 1830களின் தொடக்கத்தில், பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்த பிறகே அந்த ஆற்றுக்கும் நகருக்கும் இடையிலான உறவு மாறியது.

இன்றைய மகாவலியோ மழைக்கு மட்டுமன்றி மனிதர் திறக்கும் கதவுகளுக்கும் ஏற்ப மாறும் ஆறு. மேலே 1985இல் நிறைவுற்ற கொத்மலை அணையும் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டமும் நீரைப் பிடித்து விடுகின்றன. கண்டிக்கு வடகிழக்கே பொல்கொல்லவில், 1976 முதல், ஆற்றின் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கம் ஒன்றினூடாகத் திருப்பப்பட்டு, உக்குவெல மின்நிலையத்துக்கும் அங்கிருந்து வடக்கேயுள்ள வறண்ட பிரதேசத்துக்கும் அனுப்பப்படுகிறது. அதற்கும் கீழே, 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985 முதல் 72 கோடி கனமீற்றருக்கும் மேற்பட்ட நீரைத் தேக்கிவைக்கக்கூடியதாய் நிற்கிறது. ஆகவே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழ் தெரியும் நீர் ஆறுபோலத் தோன்றினாலும், அதன் மட்டமும் வேகமும் அணைகளை இயக்கும் அறைகளில் தீர்மானிக்கப்படுகின்றன. இதை அறியாமல் அங்கே படகு விடுபவர், கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் கையில் தம் உயிரை ஒப்படைத்தவராகிறார்.

சட்டத்தின் பக்கம் திரும்பினால், உலகக் கப்பல்கள் எல்லாம் கைக்கொள்ளும் விதித்தொகுதி 1972இல் இயற்றப்பட்டு 1977 முதல் நடைமுறையில் இருந்துவரும் ‘கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகள்’ ஆகும். அதன் முதல் விதியே அதன் எல்லையைச் சொல்லிவிடுகிறது: ஆழ்கடலுக்கும், ஆழ்கடலோடு இணைந்து கடற்கலங்கள் செல்லத்தக்கதாய் உள்ள நீர்நிலைகளுக்கும் மட்டுமே அவ்விதிகள் உரியவை. கண்டி ஏரிக்குள் எந்தக் கடற்கலமும் வர இயலாது. பொல்கொல்லவுக்கு மேலுள்ள மகாவலிக்குள்ளும் வர இயலாது. அப்படியென்றால் அந்த நீர்நிலைகளில் இரண்டு படகுகள் நேருக்கு நேர் வரும்போது எது விலக வேண்டும் என்பதைச் சர்வதேச விதி தானாக வந்து சொல்லாது. அதை உள்ளூர் அதிகாரம் ஒன்று எழுதிவைத்தாலன்றி அங்கே விதி என்று ஒன்று இல்லை. நீர்வழியைக் குறிக்கும் மிதவைகளிலும் இதே சிக்கல் உண்டு. இலங்கை பின்பற்றும் முறைப்படி, கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும் கலத்துக்குச் சிவப்பு மிதவை இடப்புறமும் பச்சை மிதவை வலப்புறமும் இருக்க வேண்டும். கடலே இல்லாத ஏரியில் எது நுழைவு, எது வெளியேற்றம்? அதையும் ஒருவர் முடிவுசெய்து கரையில் பலகையாக நாட்ட வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் கண்டியின் நிலை இடியாப்பச் சிக்கலாகிறது. ஏரியின் நீரும் கரையும் நீர்ப்பாசனத் திணைக்களம், கண்டி மாநகர சபை, புனித நகரின் கட்டடங்களையும் காட்சியையும் காக்கும் தொல்லியல், நகர அபிவிருத்தி நிறுவனங்கள் ஆகிய பலருடைய அக்கறைக்குள் வருகின்றன. பொல்கொல்லவும் விக்டோரியாவும் 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாவலி அதிகார சபையின் ஆளுகைக்குள் இருக்கின்றன; விக்டோரியாவைச் சுற்றிய நிலம் 1987 முதல் விக்டோரியா–ரந்தெனிகல–ரந்தம்பே சரணாலயத்தின் பகுதியாகவும் இருப்பதால் வனசீவராசிகள் திணைக்களமும் அங்கே குரல் உடையது. சுற்றுலாப் படகுச் சேவை நடத்துவோர் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் இயங்கும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையையும் நாடவேண்டும். மாகாணத்துக்குள் உள்ள பாதைகளும் பாலங்களும் அவற்றோடு சேர்ந்த தோணித்துறைகளும், தேசிய நெடுஞ்சாலைக்குரியவை நீங்கலாக, 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபைக்குரியவை. கைகள் பலவாக இருப்பது தானாகவே பாதுகாப்பாகிவிடாது; ஒவ்வொரு கையும் மற்றதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும்போது துறையில் படகு நிரம்பிக்கொண்டிருக்கும். இந்நிலையில் கைக்கெட்டும் கருவி மாநகர சபைகள் கட்டளைச் சட்டம். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கமுடைய அச்சட்டம் உபவிதிகளை, அதாவது உள்ளூராட்சி மன்றம் தன் எல்லைக்குள் இயற்றும் கீழ்நிலைச் சட்டங்களை, ஆக்கும் அதிகாரத்தைச் சபைக்கு அளிக்கிறது. மேலிட ஒப்புதல் பெற்று வர்த்தமானியில் வெளியானதும் அவை கட்டுப்படுத்தும் வலிமை பெறுகின்றன.

எழுதப்படும் உபவிதி சர்வதேச விதிகளின் சாரத்தைத் தழுவுவதே அறிவுடைமை. அவற்றுள் நான்கைந்து மட்டுமே சிறு நீர்நிலைக்கு இன்றியமையாதவை. எப்போதும் கண்ணாலும் காதாலும் சூழலைக் கவனித்திருத்தல். நிறுத்தவோ விலகவோ போதிய இடம் இருக்கும்படியான வேகத்தில் செல்லுதல். நேருக்கு நேர் வரும்போது இரு கலங்களும் வலப்புறம் திரும்புதல். குறுக்கே கடக்கும்போது தனக்கு வலப்புறத்தில் மற்றொரு கலத்தைக் காணும் கலம் வழிவிடுதல். முந்திச் செல்லும் கலம் முந்தப்படும் கலத்திலிருந்து ஒதுங்கிச் செல்லுதல் என்பன அவை. இவற்றோடு, வலப்புறம் திரும்புவதற்கு ஒரு குறுகிய ஊதல், இடப்புறத்துக்கு இரண்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்குவதற்கு மூன்று என்ற ஒலிக்குறிகளும் கற்பிக்கப்பட வேண்டும். இதில் இலங்கையருக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. நாட்டின் வீதிகளில் வாகனம் இடப்புறமாகச் செல்கிறது. நீரிலோ குறுகிய வழிகளில் கலம் வலப்புறக் கரையை ஒட்டிச் செல்ல வேண்டும். பதற்றமான கணத்தில் கை பழகிய பக்கமே திரும்பும் என்பதால், நல்ல சாரதி ஒருவர் படகில் ஏறியதும் தவறான பக்கம் விலகுவது எளிதாக நிகழக்கூடியது. ஆனால் சுற்றுவட்டத்தில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிடும் வீதிப் பழக்கம், குறுக்கே கடக்கும் படகு விதியோடு பொருந்திப்போகிறது. வீதிப் பழக்கத்தில் பாதி நீரில் உதவுகிறது, பாதி கெடுக்கிறது. வாடகைப் படகை ஒப்படைக்கும் முன் சொல்லப்பட வேண்டிய முதற்பாடம் எது கெடுக்கிறது என்பதே.

தனிநபர் நீர்க்கலம், அதாவது மக்கள் ஜெட் ஸ்கீ என்றழைக்கும் ஊர்தி, இவ்விதிகளுக்குப் புதிய சோதனையைக் கொண்டுவருகிறது. கவாசாக்கி நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் தன் வணிகப் பெயராக அறிமுகப்படுத்திய சொல் இன்று அவ்வகைக் கலங்கள் அனைத்துக்கும் வழங்குகிறது. நான்கு மீற்றருக்குக் குறைந்த நீளமுடையதாய், உள்ளே அல்லாமல் மேலே அமர்ந்தோ நின்றோ மண்டியிட்டோ செலுத்தப்படுவதாய், நீர்த்தாரையால் உந்தப்படுவதாய் இருப்பதே அதன் இலக்கணம். அடிப்பாகத்தின் துளை வழியே நீரை உறிஞ்சும் சுழலி, அதை அழுத்தி, பின்னாலுள்ள குழாய்வாயின் வழியே பெருவேகத்தில் பீய்ச்சுகிறது. அந்தக் குழாய்வாயைத் திருப்புவதன் மூலமே கலம் திரும்புகிறது. சாதாரணப் படகுக்கு இருப்பதுபோன்ற சுக்கான் அதற்கு இல்லை. ஆகையால் முன்னே ஆபத்தைக் கண்டு அஞ்சி விசைப்பிடியை விட்டுவிடுபவரின் கலம், தாரை நின்றதும் திரும்பும் ஆற்றலையும் இழந்து, வந்த வேகத்தில் நேராகவே சறுக்கிச் சென்று மோதுகிறது. மனித இயல்பு எதைச் செய்யத் தூண்டுகிறதோ அதுவே விபத்துக்குக் காரணமாகும் அரிய இயந்திரங்களுள் இது ஒன்று. அண்மைக்கால உற்பத்திகளில் இதற்கான மாற்று அமைப்புகள் வந்துவிட்டன. வாடகைத் துறைகளில் காணப்படுபவை எல்லாம் அண்மைக்காலத்தவை என்று கொள்வதற்கில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 1998இல் வெளியிட்ட ஆய்வு, பொழுதுபோக்குக் கலங்களுள் தனிநபர் நீர்க்கலம் ஒன்றில் மட்டுமே உயிரிழப்புக்கு முதற்காரணம் நீரில் மூழ்குதல் அல்லாமல் மோதலால் உண்டாகும் அடிகாயமாக இருப்பதைக் கண்டறிந்தது. உயிர்காப்பு அங்கியால் மட்டும் இந்தக் கலத்தை அடக்கிவிட முடியாது என்பது அதன் பொருள். பின்னிருக்கையிலிருந்து நேர் பின்னால் விழுபவரின் உடலுக்குள் தாரைநீர் வேகமாகப் புகுந்து குடலையும் பிறப்புறுப்பையும் கிழிக்கும் காயங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தடித்த றப்பர்த் துணியாலான நீர்க்காற்சட்டை அணியும்படி உற்பத்தியாளர்களே கலத்தின்மீது எச்சரிக்கை ஒட்டுவது இதனால்தான். மெல்லிய நீச்சலுடையோடு ஏறும் சுற்றுலாப் பயணியிடம் இதைச் சொல்லக் கூச்சப்படும் நடத்துநர் அந்தப் பணிக்கு ஏற்றவரல்லர். செலுத்துபவரின் மணிக்கட்டையோ அங்கியையோ இயந்திரத்தின் நிறுத்தியோடு இணைக்கும் சுருள்கயிறு இன்னொரு காப்பு: அவர் விழுந்த கணமே கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். சிலர் அதைக் கைப்பிடியிலேயே சுற்றிவைத்துவிடுவதால், ஓட்டுநரற்ற கலம் ஒன்று நீரில் விழுந்தவரை நோக்கியே வட்டமிடக்கூடும்.

சட்டங்கள் இக்கலத்தை எப்படிப் பார்ப்பது என்று தடுமாறிய வரலாறும் கண்டிக்குப் பயன்படும். இங்கிலாந்தில் 2005இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பயணம் செய்யாமல் நீரில் விளையாடித் திரியும் ஜெட் ஸ்கீ வணிகக் கப்பல் சட்டத்தின் கருத்தில் கப்பல் ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதனால் அதைக் கண்மூடித்தனமாக ஓட்டியவரைக் கப்பலோட்டிகளுக்குரிய பிரிவுகளின்கீழ் தண்டிக்க முடியாமற் போனது. அந்த ஓட்டையை அடைக்கும் ஆணை நடைமுறைக்கு வர 2023 ஆயிற்று. சிட்னி நகரமோ வேறு வழியில் சென்று, 2001இல் தன் துறைமுகப் பரப்பிலிருந்து தனிநபர் நீர்க்கலங்களை முற்றாக விலக்கியது. இலங்கையின் 1971ஆம் ஆண்டு வணிகக் கப்பற்சட்டமும் கடலை மனத்திற்கொண்டு எழுந்ததே. மத்திய மாகாணத்திலேயே, 1873இல் ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் உருவாகி அவர் பெயரைத் தாங்கிய நுவரெலியா ஏரியில், அன்னப்படகுகளும் மோட்டார் படகுகளும் ஜெட் ஸ்கீகளும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. குடும்பங்கள் மிதித்து ஓட்டும் மெதுவான படகும், நொடிக்குப் பத்து மீற்றருக்கு மேல் பாயும் கலமும் அருகருகே இயங்கும் இடத்தில், மிதவைக் கயிற்றால் இரண்டையும் பிரித்துவைப்பது எந்த அறிவிப்புப் பலகையையும்விட அதிகப் பயன் தரும்.

கண்டி ஏரிக்கு அந்த ஏற்பாடும் போதாது. அங்கே தனிநபர் நீர்க்கலத்துக்கு இடமே இல்லை என்பது இவ்வுரையின் நிலைப்பாடு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது இக்கலங்கள் பலவற்றின் முழு வேகத்துக்கு வெகு கீழே, 3.2 கிலோமீற்றர்க் கரையை மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் சுற்றிவிடலாம். ஏரி வளைந்தும் நடுவே தீவு மறைத்தும் இருப்பதால், எதிரே வருவதைக் காண்பதற்கும் விலகுவதற்கும் அந்த வேகம் காலம் தராது. கரை மற்றொரு காரணம். சரிவான மணற்கரை அலையை மெல்ல விழுங்கிவிடும். கல்லால் கட்டப்பட்ட செங்குத்துக் கரையோ அதைத் திருப்பி அனுப்பும். திரும்பும் அலையும் வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் உயரம் கூடி, துடுப்புப் படகு நிலைகொள்ளாமல் ஆடும். அலை தொடர்ந்து அடிக்கும் பழங்கட்டுமானத்தின் சுண்ணச்சாந்தும் காலப்போக்கில் அரிபடும். மன்னன் முடிக்காமல் விட்ட ‘வளாகுளு பம்ம’ என்ற முகில்வடிவ மதிலையும் அதன் கீழுள்ள கரையையும் காப்பதென்றால், படகின் வேகம் அது எழுப்பும் அலையைக்கொண்டே அளக்கப்பட வேண்டும்: பின்னால் வெண்நுரை எழுந்தால் வேகம் மிகுதி. வேகமானி இல்லாத படகுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தலதா மாளிகையில் நாள்தோறும் மூவேளையும் பூசை நடக்கும்போது எதிரே இயந்திர இரைச்சல் எழுவது தகுமா என்பதைத் தனியே வாதிடத் தேவையில்லை. மின்கலத்தால் இயங்கும் மெதுவான படகும் துடுப்புப் படகும் அந்த நீருக்குப் போதும்.

பொல்கொல்லத் தேக்கமும் கட்டுகஸ்தோட்டை வரையிலான மகாவலியும் வேறு ஒழுங்கை வேண்டுகின்றன. வான்கதவுகள் திறந்திருக்கும் அணையை மேலிருந்து நெருங்கும் படகுக்கு நீர்ப்பரப்பு அமைதியாகவே தெரியும். ஈர்ப்பு உணரப்படும்போது சிறு இயந்திரத்தால் மீள முடியாத தூரத்துக்கு அது வந்திருக்கும். சுரங்கத்தின் நீருள்வாங்கும் வாயிலும் இத்தகையதே. ஆகவே அணைக்கும் அவ்வாயிலுக்கும் மேலே கண்ணில் படும்படியான மிதவைச் சங்கிலி ஒன்று ஆற்றின் குறுக்கே கிடக்க வேண்டும். அதைத் தாண்டுவது பராமரிப்புப் பணியாளர் தவிர எவருக்கும் குற்றமாக வேண்டும். மேலணைகளில் வான்கதவு திறக்கப்படும் செய்தி, கரையோர மக்களுக்குப் போலவே உரிமம்பெற்ற ஒவ்வொரு படகுத்துறைக்கும் போய்ச்சேர வேண்டும். செய்தி கிடைத்ததும் துறையில் சிவப்புக்கொடி ஏறிச் சேவை நிற்க வேண்டும். கண்டிக்கென வரும் மிதவை விமானங்கள் பொல்கொல்லத் தேக்கத்தில் இறங்கியிருப்பதால், சர்வதேச விதிகளின் 18ஆம் விதியையும் இங்கே கருதவேண்டியிருக்கிறது. நீரின்மேல் இருக்கும் மிதவை விமானம் பொதுவாக எல்லாக் கலங்களிலிருந்தும் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று அது சொன்னாலும், இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தால் சட்டென்று ஒதுங்க இயலாது. இறங்கும் நேரத்தில் அப்பகுதியைப் படகுகளுக்கு மூடுவதே நடைமுறைக்கு ஒத்தது. தலதா மாளிகையின் ஆண்டுப் பெருவிழாவான எசல பெரஹரவின் நிறைவாக, கெட்டம்பேயில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் கப்புறாளைமார், அதாவது பூசகர்கள், அலங்கரித்த படகில் நடு ஆற்றுக்குச் சென்று நிகழ்த்தும் நீர்வெட்டுச் சடங்கும் உபவிதியில் இடம்பெற வேண்டியது. தமிழர் கண்ணகியாக வணங்கும் பத்தினித் தெய்வத்தின் பெயராலும் நடு ஆற்றுக்குச் செல்லும் அந்தப் படகுக்கு, அன்று விடியலில் வேறெந்தக் கலமும் குறுக்கிடலாகாது.

படகு கவிழ்வது பெரும்பாலும் புயலால் அன்று, பாரத்தின் இடமாற்றத்தால். 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி, முல்லைப்பெரியாறு அணையால் உண்டான தேக்கடி நீர்த்தேக்கத்தில் ‘ஜலகன்யகா’ என்ற இரட்டைத் தட்டுச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தென்பட்ட விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும், மேல்தட்டில் பாரம் மிகுந்திருந்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில் 22 பேரின் உயிரைப் பறித்த விபத்திலும் அளவுக்கு மீறிய ஆட்களை ஏற்றியதே முன்னின்றது. யானைகள் நீர் அருந்த வரும் விக்டோரியாவின் கீழ்க்கரைகளுக்குத் தேக்கடிப் பாடம் அப்படியே பொருந்தும். இதில் நன்னீரின் பங்கும் உண்டு. கடல்நீரைவிட நன்னீர் ஏறத்தாழ நூற்றுக்கு 2.5 பங்கு அடர்த்தி குறைந்தது; நீர்கொழும்பிலோ சிலாபத்திலோ மீன்பிடித்த கண்ணாடியிழைப் படகு மலைநாட்டுக்கு ஏற்றிவரப்பட்டால், அதே பாரத்துக்கு அது சற்று ஆழமாக அமிழும். கடற்கரையில் எத்தனை பேருக்கு அளந்து எழுதப்பட்டதோ அத்தனை பேரை அதே படகு ஏரியிலும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், மேற்கூரையோ கூடுதல் இருக்கையோ பொருத்தப்பட்டிருந்தால் மீண்டும் பாரமேற்றிச் சாய்த்துப் பார்த்த பின்பே ஆட்தொகையைப் பக்கப்பலகையில் எழுத வேண்டும்.

உயிர்காப்பு அங்கி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதன் மிதப்பாற்றல் நியூட்டன் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. பத்து நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தைத் தூக்கும். 50 நியூட்டன் எனக் குறிக்கப்பட்டது, நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் உள்ள அமைதியான நீரில் மட்டுமே போதும். நீந்தத் தெரியாதவருக்கு, மயங்கினாலும் முகத்தை மேலே திருப்பக்கூடிய 100 நியூட்டன் அங்கியாவது வேண்டும். குழந்தைக்குப் பெரியவரின் அங்கியை இறுக்கிக் கட்டிவிடுவது காப்பு ஆகாது. கவட்டுப்பட்டி இல்லாத அங்கி தலைவழியே கழன்றுவிடும். இருக்கைக்குக் கீழே கட்டிவைத்த அங்கி கவிழும் நொடியில் எவருக்கும் எட்டாது. அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் ஆண்டறிக்கைகளில், படகு விபத்தில் மூழ்கி இறந்தோருள் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேல் அங்கி அணியாதவர்களாகவே தொடர்ந்து காணப்படுகின்றனர்.

பாதுகாப்பு விதிகளைப் பேசும்போது கண் சுற்றுலாப் பயணியின் மீதே போய் நிற்பது ஒரு குறை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில், மாற்றாக ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து மாணவர் நால்வர் உட்பட அறுவர் அன்றே உயிரிழந்தனர். அப்படகுக்கு அனுமதி கொடுத்தது யார், மேற்பார்த்தது யார் என்ற கேள்விகள் எழுந்தது அதற்குப் பிறகே. அவர்கள் நீரில் விளையாடப் போனவர்கள் அல்லர், பள்ளிக்குப் போனவர்கள். மலையகத்தில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை முதலிய நீர்த்தேக்கங்கள் தோட்டங்களைப் பிரித்து நிற்கும் இடங்களில், தொழிலாளரும் பிள்ளைகளும் சுற்றுப்பாதையின் தூரத்தைத் தவிர்க்கப் படகேறுவது வழக்கம். கட்டணம் வாங்கும் சுற்றுலாப் படகுக்கு அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் கேட்கும் அதிகாரி, அன்றாடக் கடவைப் படகை ஊர் வழக்கமென்று விட்டுவிடுவாராயின், ஆபத்து மிகுதியாக உள்ள இடத்தில் விதி மிகக் குறைவாக இருக்கும். இந்தியா 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2021இல் கொண்டுவந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரமற்ற கலங்களையும் உள்ளூர் மட்டத்தில் பதிவுக்குள் கொண்டுவர இடம் வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

விபத்து நேர்ந்தபின் உயிரைத் தீர்மானிப்பது நிமிடங்களே. மூச்சு நின்று நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளைக்கு ஊறு தொடங்கிவிடும். வேறு ஊரிலிருந்து மீட்புப் படகு வருவதற்குள் அக்காலம் கழிந்திருக்கும். கண்டி ஏரியின் கரை மதிலும் கல்லுமாக இருப்பதால் நீந்தத் தெரிந்தவரும் ஏறிவரத் தவிப்பார். ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகக் கல்லோடு பொருந்திய இரும்பேணியும், அதன் அருகே கயிறு கட்டிய மிதவை வளையமும், கம்பத்தில் அவ்விடத்தின் எண்ணும் வேண்டும். அந்த எண் இருந்தால்தான் தொலைபேசியில் உதவி கேட்பவர் தாம் நிற்கும் இடத்தைச் சட்டென்று சொல்ல முடியும். கரையில் நிற்பவர் தாமும் குதிப்பதற்குப் பதிலாக வளையத்தையும் கயிற்றையும் எறிய வேண்டும். மூழ்குபவர் தம்மைத் தொடுபவரைப் பற்றி அமிழ்த்துவது அச்சத்தின் இயல்பு. மேலே கொண்டுவரப்பட்டவர் மூச்சில்லாமல் இருந்தால், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்றும் பழைய முறையில் நேரம் போக்காமல், வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சு ஊதி, அதன்பின் நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் குறைவது உயிர்வளி என்பதால், வேறு காரணங்களால் இதயத்துடிப்பு நின்றவர்களுக்குச் சொல்லப்படும் வரிசையிலிருந்து இவ்வரிசை வேறுபடுகிறது. படகுச் சேவைக்கு அனுமதிப்பத்திரம் கோருபவரிடம் கேட்கப்பட வேண்டிய தகுதிச் சான்றுகளுள் இயந்திரம் ஓட்டத் தெரியும் என்பதற்கு முன்னதாக வைக்கத்தக்கது இந்த முதலுதவியில் அவரும் அவருடைய பணியாளர்களும் பெற்ற பயிற்சியே. அதுவும் ஆண்டுதோறும் நீரிலேயே செய்துகாட்டிப் புதுப்பிக்கப்பட வேண்டியது.